விழுந்தவர்களுக்குத் திருச்சபையில் இடமுண்டோ?

பச்சாத்தாபம் என்னும் தேவதிரவிய அனுமானத்தின் பேரில் ஒரு பாடம்



ஞாயிறு தவறாமல் பூசை காண வருகிறவர்களிலே சிலர், எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகும் வேளையில் மாத்திரம் தங்கள் இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பக்தி இல்லை என்று சொல்ல முடியாது. விசாரித்துப் பார்த்தால், என்றோ செய்த ஒரு பெரிய பாவம் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்துக் கிடக்கும். "பத்து வருஷமாய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, இனி எந்த முகத்தோடு சாமியார் முன் போய் முழங்காலில் இருப்பேன்?" என்பார் ஒருவர். "நான் செய்த காரியத்துக்குப் பொறுத்தல் ஏது?" என்று பெருமூச்சு விடுவார் மற்றொருவர்.

இதற்கு எதிரிடையாய், "செய்தால் என்ன? கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று துணிந்து திரிகிறவர்களும் உண்டு. இன்னும் சிலர் தங்கள் பாவத்தை மறந்து பிறர் பாவத்தை மாத்திரம் எண்ணிக்கொண்டு, "அவன் செய்ததற்கு அவன் கோயில் வாசல் மிதிக்கலாமா?" என்று நியாயந் தீர்க்கிறார்கள்.

இந்த மூன்று பேச்சும் இன்று நேற்றுப் பிறந்தவை அல்ல. கி.பி. 250-ம் ஆண்டில் திருச்சபை முழுவதையும் கலக்கிய ஒரு பெரிய வழக்கில் இதே மூன்று பேச்சும் எழும்பின. அதற்குத் திருச்சபை சொன்ன தீர்ப்பு இன்னதென்று அறிந்தால், நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருமை நமக்கு விளங்கும்.

1. தேசியுஸ் மன்னனின் கட்டளை

கி.பி. 249-ம் ஆண்டில் தேசியுஸ் என்பவன் உரோமை இராயனானான். இராச்சியத்தில் உள்ள யாவரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அத்தாட்சிச் சீட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவன் கட்டளை பிறப்பித்தான். ஊர்தோறும் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். வந்தவன் பலியிட்டு, பானபலி வார்த்து, பலியின் மாமிசத்தை ருசி பார்க்க வேண்டும். அதிகாரிகள் கண்டோம் என்று கையெழுத்திடுவார்கள். இப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்து தேசத்து மணலிலே புதைந்து கிடந்து நம் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் காணும் தேதிகள் 250-ம் ஆண்டு ஜூன், ஜூலை மாதத்தவை.

அதற்கு முன் அநேக வருஷங்களாய்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் சமாதானமாய் வாழ்ந்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரளாயிருந்தார்கள். ஆனால் சோதனையை அறியாதவர்களாயிருந்தார்கள். திடீரென்று புயல் அடித்தது. உரோமையிலே அர்ச். பாபியானுஸ் பாப்பு 250-ம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ந் தேதி வேதசாட்சியாய் மரித்தார். அவருக்குப் பின் ஓர் ஆண்டுக்கு மேலாக இராயப்பருடைய சிம்மாசனம் வெறுமையாய்க் கிடந்தது.

ஆபிரிக்காவிலே கார்த்தேஜ் நகரத்தின் மேற்றிராணியாராயிருந்தவர் அர்ச். சிப்பிரியானுஸ். மந்தை முழுவதும் மேய்ப்பனில்லாமல் போகாதபடிக்கு அவர் மறைந்திருந்து, கடிதங்களால் தம் ஜனங்களை நடத்திவந்தார். அங்கே நடந்ததைப் பின்னால் அவர் கண்ணீரோடு எழுதிவைத்திருக்கிறார். பிடித்து இழுப்பாரில்லாமலே அநேகர் தாங்களாகவே பலிபீடத்துக்கு ஓடினார்கள். பொழுது போய்விட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்லியும், இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்று கெஞ்சினவர்கள் இருந்தார்கள். பெற்றோர் தங்கள் கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விழுந்தவர்கள் எல்லாரும் ஒரே விதமாய் விழவில்லை. சிலர் பலியிட்டார்கள். சிலர் சாம்பிராணி மாத்திரம் தூவினார்கள். இன்னுஞ் சிலர் பலியிடாமலே அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்துச் சீட்டை வாங்கிவிட்டார்கள். "நான் கையால் ஒன்றும் செய்யவில்லையே" என்பது இந்தக் கடைசி வகுப்பாரின் சமாதானம். ஆனால் கிறிஸ்துவை மறுதலித்தேன் என்று சொல்லும் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டவன் வாயால் மறுதலிக்காததினால் மாத்திரம் குற்றமற்றவனாய்ப் போவானோ?

2. வாசலில் நின்றவர்கள்

கலாபனை தணிந்தது. விழுந்தவர்கள் கோயில் வாசலில் திரும்ப வந்து நின்றார்கள்.

அவர்களுடைய மனவேதனை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கடிதம் சாட்சியாயிருக்கிறது. செலேரினுஸ் என்பவர் விசுவாசத்துக்காக உரோமையில் சிறைப்பட்டுத் துன்பப்பட்டவர். அவருடைய சகோதரிகளோ சோதனையில் தவறிப்போனார்கள். ஒருத்தி பலியிட்டாள்; மற்றவள் பணம் கொடுத்துத் தப்பினாள். பாஸ்கு திருநாளிலே எல்லாரும் மகிழ்ந்திருக்க, தாம் இராப்பகலாய் அழுதுகொண்டிருந்ததாகச் செலேரினுஸ் எழுதுகிறார். அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கார்த்தேஜிலிருந்து வந்து சேர்ந்த 65 விசுவாச வீரர்களைத் துறைமுகத்தில் எதிர்கொண்டு, அவர்களுக்கு வேண்டிய ஊழியம் எல்லாம் செய்துவந்தார்கள். தாங்கள் காட்டாத தைரியத்தைக் காட்டினவர்களுக்குப் பணிவிடை செய்வதையே தங்கள் பச்சாத்தாபமாக்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவர்களைத் திருச்சபை என்ன செய்யும்? மறுபடி நன்மை வாங்க விடலாமா? விடலாம் என்றால், எப்பொழுது, எந்த நிபந்தனையின் பேரில்? இதுதான் வழக்கு.

3. தவறான இரண்டு வழிகள்

முதல் வழி எளிதான வழி. சிறையிலிருந்த விசுவாச வீரர்களுக்கு அக்காலத்துக் கிறிஸ்தவர்களிடம் பெரிய மதிப்பு இருந்தது. விழுந்தவர்கள் அவர்களிடம் போய்ப் பரிந்துரைச் சீட்டு வாங்கினார்கள். பரிந்து பேசுவது நல்ல வழக்கமே. ஆனால் நாளடைவில் அது வரம்பு கடந்தது. இன்னாரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று பேர் குறிக்காமலே சீட்டுகள் புறப்பட்டன. ஒரு சீட்டைக் காட்டி எத்தனை பேர் வேண்டுமானாலும் நுழையலாம்! பச்சாத்தாபம் ஒன்றும் செய்யாதவர்களைச் சில குருக்கள் உடனே நன்மைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பெலிச்சிசிமுஸ் என்பவன் இந்தக் கட்சிக்குத் தலைவனாகி, மேற்றிராணியாருக்கு விரோதமாய் எழும்பினான்.

சிப்பிரியானுஸ் இதற்கு இணங்கவில்லை. புரையோடின காயத்தின் மேல் துணியைப் போட்டு மூடுவது வைத்தியமாகாது என்பது அவருடைய எண்ணம். காயத்தைத் திறந்து, கழுவி, எரிந்தாலும் மருந்து இட்டாலல்லவோ ஆறும்? நோயாளி அலறுகிறான் என்று விட்டுவிடுகிற வைத்தியன் அவனைக் கொல்லுகிறவனே.

இரண்டாம் வழி கடினமான வழி. 251-ம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொர்னேலியுஸ் என்பவர் பாப்பாகத் தெரிந்துகொள்ளப்பட்டார். உரோமையிலே கல்வியிற் சிறந்த குருவாயிருந்த நொவாசியானுஸ் அவரை ஏற்றுக்கொள்ளாமல், மூன்று மேற்றிராணிமாரைக் கொண்டு தன்னைத் தானே மேற்றிராணியாராக அபிஷேகம் செய்வித்துக்கொண்டான். கிறிஸ்துவை மறுதலித்தவன் எவ்வளவு அழுதாலும், சாகும் தறுவாயிலுங்கூட, திருச்சபை அவனைத் திரும்பச் சேர்க்கலாகாது என்பது அவனுடைய போதகம். அவனைச் சர்வேசுரன் பார்த்துக்கொள்ளட்டும். திருச்சபையோ பரிசுத்தருடைய கூட்டமாகவே இருக்க வேண்டும் என்றான். அவனைச் சேர்ந்தவர்கள் தங்களைச் சுத்தர் என்று அழைத்துக்கொண்டார்கள்.

பார்வைக்கு இந்தப் போதகம் உத்தமமாய்த் தோன்றும். கலாபனையில் உறுதியாய் நின்ற சிலருங்கூட இதற்கு மயங்கினார்கள். ஆகையால் இதை வேதாகமத்தின் உரைகல்லில் வைத்துப் பார்ப்போம்.

4. வேதாகமம் போதிக்கிறது என்ன?

நொவாசியானைச் சேர்ந்தவர்கள் இரண்டு வசனங்களை ஆதாரமாய்க் காட்டினார்கள். ஒன்று, மனிதர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைத் தாமும் தம்முடைய பிதாவின் முன்பாக மறுதலிப்பார் என்று நமது ஆண்டவர் எச்சரிக்கும் இடம் (மத். 10:33). மற்றது, ஒருமுறை ஞான ஒளி பெற்று, பரம கொடையைச் சுவைத்த பின்பு தவறிப்போனவர்களை மறுபடி புதுப்பிக்கக் கூடாதென்று சொல்லும் எபிரேயர் நிருப வாக்கியம் (எபி. 6:4-6).

முதல் வசனத்துக்கு மறுமொழியாக இராயப்பர் ஒருவரே போதும். அவர் ஒரு தரமல்ல, மூன்று தரம் மறுதலித்தார். அதுவும் வாளுக்கு முன்பாக அல்ல, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்பாக. அவர் குளிர்காய்ந்துகொண்டு நின்றது கரிநெருப்பண்டையில் என்று அருளப்பர் எழுதுகிறார் (அரு. 18:18). உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையிலே சீஷர்களுக்கு உணவு சமைத்து வைத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் மேலேதான் (அரு. 21:9). விழுந்த இடத்தை நினைப்பூட்டும் நெருப்பண்டையிலேயே அவரை நிறுத்தி, மூன்று மறுதலிப்புக்கும் ஈடாக மூன்று முறை அன்பைக் கேட்டு, தம் ஆடுகளை அவர் கையில் ஒப்புவித்தார் நமது ஆண்டவர். அப்படியானால் மத்தேயு சுவிசேஷத்தின் எச்சரிப்பு யாருக்கு? மறுதலிப்பிலேயே நிலைநின்று மரிக்கிறவனுக்கு. திரும்பி வந்து அழுகிறவனுக்கல்ல.

இங்கே யூதாஸையும் நினைத்துக்கொள்ளுவது நல்லது. அவனும் தன் பாவத்தை அறிந்தான். வாங்கின பணத்தையும் திருப்பி எறிந்தான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பிப் போகவில்லை. இராயப்பரோ ஆண்டவர் தம்மைத் திரும்பிப் பார்த்த பார்வையை (லூக். 22:61) நம்பினார். பாவத்தின் பாரம் இருவருக்கும் இருந்தது. நம்பிக்கை ஒருவருக்கே இருந்தது.

எபிரேயர் நிருப வாக்கியத்துக்கு அர்ச். அம்புரோசியுஸ் 4-ம் நூற்றாண்டிலே விளக்கம் எழுதினார். நொவாசியானைச் சேர்ந்தவர்களுக்கு மறுப்பாகப் பச்சாத்தாபத்தின் பேரில் அவர் எழுதின நூல் இரண்டு புத்தகங்களாய் இருக்கிறது. அந்த வாக்கியம் பேசுவது ஞானஸ்நானத்தைப் பற்றி. ஞானஸ்நானம் இரண்டாந்தரம் கொடுக்கப்பட மாட்டாது என்பதே அதன் கருத்து. பச்சாத்தாபத்தின் வாசலை அது அடைக்கவில்லை என்கிறார். மேலும் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: பாவத்தைப் பொறுக்க மனிதனால் ஆகாது என்கிறீர்களே, நீங்கள் ஏன் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்? அங்கே பாவம் பொறுக்கப்படவில்லையோ? தண்ணீரைக் கொண்டு குருவானவர் செய்தாலும், பச்சாத்தாபத்தைக் கொண்டு செய்தாலும், பொறுக்கிறவர் சர்வேசுரன் ஒருவரே அல்லவோ?

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றால், உயிர்த்த ஞாயிறு மாலையிலிருந்து வந்தது. கதவுகள் பூட்டியிருந்த அறையிலே ஆண்டவர் அப்போஸ்தலர்கள் நடுவில் வந்து நின்று, அவர்கள் மேல் ஊதி, இஸ்பிரீத்துசாந்துவைக் கொடுத்து, அவர்கள் எவர்கள் பாவங்களைப் பொறுப்பார்களோ அவை பொறுக்கப்படும் என்றும், எவர்கள் பாவங்களைப் பொறாமல் வைப்பார்களோ அவை வைக்கப்பட்டிருக்கும் என்றும் சொன்னார் (அரு. 20:22-23). இந்தப் பாவம் நீங்கலாக, அந்தப் பாவம் நீங்கலாக என்று அவர் சொல்லவில்லை. அந்த அறையிலே இருந்தவர்கள் யார் என்பதையும் யோசியுங்கள். மூன்று நாளைக்கு முன் அவரைக் கைவிட்டு ஓடிப்போனவர்கள்! விழுந்தவர்களின் கையிலேயே விழுந்தவர்களைத் தூக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார்.

5. திருச்சபையின் தீர்ப்பு

251-ம் ஆண்டில் பாஸ்குத் திருநாளுக்குப் பின் ஆபிரிக்க மேற்றிராணிமார் கார்த்தேஜ் நகரத்தில் சங்கங் கூடினார்கள். எல்லாரையும் ஒரே கோலால் அளக்காமல், ஒவ்வொருவருடைய காரியத்தையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பணத்துக்குச் சீட்டு வாங்கியிருந்து, அதற்காக மனஸ்தாபப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நெடுங்காலம் பச்சாத்தாபம் செய்ய வேண்டும். ஆனால் அவர்களும் மரண அவஸ்தையில் கைவிடப்பட மாட்டார்கள்.

அதே ஆண்டிலே உரோமையில் கொர்னேலியுஸ் பாப்பு கூட்டின சங்கத்துக்கு 60 மேற்றிராணிமார் வந்தார்கள். குருக்களும் தியாக்கோன்மாரும் இன்னும் அதிகம் பேர். நொவாசியானுஸ் திருச்சபைக்குப் புறம்பானவன் என்றும், விழுந்த சகோதரருக்குப் பச்சாத்தாபம் என்னும் மருந்தைக் கொடுத்துக் குணமாக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. கொர்னேலியுஸ் பாப்பு சொன்னதைச் செய்தும் காட்டினார். நொவாசியானுஸை அபிஷேகம் செய்த மூவரில் ஒருவர் அழுதுகொண்டு வந்து தம் குற்றத்தை அறிக்கையிட்டபோது, ஜனங்கள் எல்லாரும் அவருக்காகப் பரிந்து கேட்க, மேற்றிராணியாராக அல்ல, சாதாரண விசுவாசியாக அவரை ஏற்றுக்கொண்டார். தமக்கு விரோதமாய் எதிரிப் பாப்பை ஏற்படுத்தினவருக்கே வாசல் திறந்தார் என்றால், பாருங்கள்!

இதை அவர் அந்தியோக்கியா மேற்றிராணியாருக்கு எழுதின கடிதத்தில் காண்கிறோம். செசாரேயா நகரத்து எவுசேபியுஸ் தம்முடைய திருச்சபைச் சரித்திரத்தில் அதைச் சேர்த்து வைத்திருக்கிறார். அப்போது உரோமைச் சபையில் 46 குருக்களும், 7 தியாக்கோன்மாரும், சபையின் தர்மத்தால் பிழைத்த 1,500-க்கு மேற்பட்ட கைம்பெண்களும் எளியவர்களும் இருந்தார்கள் என்று அதே கடிதம் கணக்குச் சொல்லுகிறது. ஏழைகளைக் கைவிடாத சபை பாவிகளையும் கைவிடவில்லை.

சில காலத்துக்குள் மறுபடியும் கலாபனை வரும் என்ற பயம் உண்டாயிற்று. அப்பொழுது ஆபிரிக்க மேற்றிராணிமார் முன் தீர்மானத்தைத் தளர்த்தி, பச்சாத்தாபம் செய்துகொண்டிருந்த எல்லாரையும் உடனே நன்மைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கொர்னேலியுஸ் பாப்புக்கு அவர்கள் எழுதின காரணம் கேட்கத்தக்கது. கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்த வேண்டும் என்று இவர்களைப் போருக்கு அனுப்பப் போகிறோம். அவருடைய திருஇரத்தத்தை இவர்களுக்குக் கொடாமல் எப்படி அனுப்புவோம் என்பதே அந்தக் காரணம். தேவநற்கருணை உத்தமருக்குக் கொடுக்கும் பரிசு மாத்திரமல்ல, போராடுகிறவனுக்குக் கொடுக்கும் பலமுமாகும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

அந்த நம்பிக்கை வீண்போகாது என்பதற்கு முன்னமே அத்தாட்சி இருந்தது. ஆபிரிக்காவிலே பெலிக்ஸ், விக்தோரியா, லூசியுஸ் என்ற மூவர் முதல் சோதனையில் பலியிட்டுத் தவறியவர்கள். இரண்டாந்தரம் அவர்களைப் பிடித்து விசாரித்தபோது, தைரியமாய்க் கிறிஸ்துவை அறிக்கையிட்டு, ஆஸ்தி எல்லாம் பறிகொடுத்து, தேசத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். விழுந்தவன் விழுந்தவனாகவே கிடப்பான் என்று நினைப்பது தேவ இஷ்டப்பிரசாதத்தை அறியாதவர்களின் எண்ணம்.

6. செராபியோன் என்னும் முதியவர்

அலெக்சாந்திரியா நகரத்து மேற்றிராணியாராகிய அர்ச். தியோனீசியுஸ் அந்த நாட்களில் தம் ஊரில் நடந்த ஒரு காரியத்தை எழுதிவைத்திருக்கிறார்.

செராபியோன் என்னும் முதியவர் நெடுநாள் குற்றமில்லாமல் வாழ்ந்தவர். கலாபனையில் பலியிட்டு விழுந்துபோனார். பிறகு எத்தனையோ முறை வந்து மன்றாடியும் ஒருவரும் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. அவர் நோயில் விழுந்து, மூன்று நாள் பேச்சு மூச்சின்றிக் கிடந்தார். நாலாம் நாள் சற்றுத் தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்னை நிறுத்தி வைப்பீர்கள், சீக்கிரம் ஒரு குருவானவரை அழைத்து வா என்று சொல்லி, மறுபடி நினைவிழந்தார்.

பிள்ளை ஓடினான். இரா வேளை. குருவானவரும் நோயாய்ப் படுத்திருந்தார். எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகிறவர்கள் கேட்டால், அதிலும் முன்னமே மன்றாடியிருந்தவர்கள் கேட்டால், பொறுத்தல் கொடுக்க வேண்டும், நம்பிக்கையோடு அவர்கள் புறப்பட வேண்டும் என்று தியோனீசியுஸ் கட்டளை கொடுத்திருந்தார். ஆகவே குருவானவர் தேவநற்கருணையில் ஒரு சிறு பங்கை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதை நனைத்துத் தாத்தாவின் வாயில் சொட்டுச் சொட்டாய் விடும்படி சொல்லி அனுப்பினார். அக்காலத்தில் விழுந்தவனுக்கு நன்மை கொடுப்பதே அவன் திருச்சபையோடு ஒப்புரவானான் என்பதற்கு முத்திரையாயிருந்தது.

பிள்ளை வீட்டுக்குள் நுழையுமுன்னே முதியவருக்கு மறுபடி உணர்வு வந்தது. வந்துவிட்டாயா குழந்தாய், குருவானவர் வரக் கூடவில்லை, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னைப் போகவிடு என்றார். பிள்ளை அப்படியே செய்தான். அவர் அதைக் கொஞ்சங் கொஞ்சமாய் விழுங்கி, உடனே உயிர் நீத்தார்.

நொவாசியானுடைய சுத்தமான சபையிலே இந்த முதியவருக்கு இடமில்லை. சர்வேசுரனுடைய சபையிலே ஒரு சிறுபிள்ளையின் கையில் ஆண்டவர் அவரைத் தேடி நடுஇரவில் வந்தார்.

7. அக்காலத்துப் பச்சாத்தாபமும் இக்காலத்துப் பாவசங்கீர்த்தனமும்

325-ம் ஆண்டில் கூடின நீசேயா பொதுச்சங்கம் இந்த வழக்கை முடித்துவைத்தது. சுத்தர் என்பவர்கள் திருச்சபைக்குத் திரும்பினால், விழுந்து பச்சாத்தாபம் செய்தவர்களோடு ஐக்கியமாயிருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 8-ம் சட்டம் சொல்லுகிறது. சாகிற எவனுக்கும் வழித்துணையாகிய கடைசி நன்மை மறுக்கப்படலாகாதென்று 13-ம் சட்டம் கற்பிக்கிறது.

ஆனால் அதே சங்கத்தின் 11-ம் சட்டத்தையும் வாசியுங்கள். வற்புறுத்துவாரில்லாமல் விசுவாசத்தை மறுதலித்தவர்கள் 3 வருஷம் வேதவாசகம் கேட்பவர்களோடு நிற்க வேண்டும். 7 வருஷம் முழங்காலில் நிற்பவர்களோடு இருக்க வேண்டும். 2 வருஷம் நன்மை வாங்காமல் செபத்தில் மாத்திரம் பங்குபெற வேண்டும். ஆகப் பன்னிரண்டு வருஷம்! அதுவும் ஊரார் அறியச் செய்யும் பச்சாத்தாபம். பெரிய பாவங்களுக்கு இந்தப் பச்சாத்தாபம் ஆயுசில் ஒருமுறை மாத்திரமே கிடைக்கும் என்பது அக்காலத்து வழக்கம்.

பின்னால் 6, 7-ம் நூற்றாண்டுகளில் அயர்லாந்து தேசத்துச் சந்நியாசிகள் மூலமாய், இரகசியமாய்ச் சொல்லி எத்தனை முறை வேண்டுமானாலும் பெறும் பாவசங்கீர்த்தன வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1215-ம் ஆண்டில் நாலாம் லாத்தரன் பொதுச்சங்கம் புத்தி விவரம் அறிந்த ஒவ்வொருவனும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யக் கட்டளையிட்டது. 1551-ம் ஆண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பாவியின் பங்குக்கு மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றும், குருவானவருடைய பொறுத்தலின் வார்த்தையினால் இந்தத் தேவதிரவிய அனுமானம் நிறைவேறுகிறது என்றும் தெளிவாய்ப் போதித்தது.

வெளிமுறை மாறிற்று, உள்பொருள் மாறவில்லை. அன்று பன்னிரண்டு வருஷம் வாசலில் அழுதுநின்றவன் பெற்ற அதே பொறுத்தலை இன்று நாம் சனிக்கிழமை மாலையிலே கால் மணி நேரத்தில் பெறுகிறோம். எளிதில் கிடைக்கிறதென்று அற்பமாய் எண்ணலாமோ?

8. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

முதலாவது, நம்பிக்கையிழந்தவர்களுக்கு. உங்கள் பாவம் எதுவானாலும், கிறிஸ்துவைப் பகிரங்கமாய் மறுதலித்ததைவிடப் பெரியதோ? அதற்கே பொறுத்தல் உண்டென்று திருச்சபை தீர்ப்புச் சொல்லி இத்தனை நூற்றாண்டாயிற்று. பத்து வருஷம் என்றாலும் முப்பது வருஷம் என்றாலும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியந்தான்: "சுவாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்து நெடுநாளாயிற்று, எனக்கு உதவி செய்யும்." மிச்சத்தைக் கேட்டு நடத்துவது குருவானவர் கடமை. நீங்கள் சொன்னது அவரோடு மண்ணுக்குள் போகும்; உயிர் போனாலும் அவர் வெளியிடக் கூடாது. பழக்கப்பட்ட சாமியாரிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால் வேறு குருவானவரிடம் போங்கள். கூச்சத்துக்காக ஆத்துமத்தைப் பட்டினி போடாதிருங்கள்.

இரண்டாவது, தள்ளிப் போடுகிறவர்களுக்கு. செராபியோன் கடைசி வேளையில் பொறுத்தல் பெற்றார் என்று சொல்லி ஏமாந்து போகாதிருங்கள். அவர் விழுந்த நாள் முதல் மன்றாடிக்கொண்டே இருந்தவர். உடல் சுகமாயிருக்கையில் மனஸ்தாபமே இல்லாமல் இருந்து, சாவுக்குப் பயந்து மாத்திரம் கேட்கிறவர்களைப் பற்றிச் சிப்பிரியானுஸ் எவ்வளவு கடுமையாய்ப் பேசினார் என்பதை அவர் கடிதங்களை வாசித்தவர்கள் அறிவார்கள். இன்று திருச்சபை அவர்களுக்கும் இரங்குகிறது, மெய்தான். ஆனால் நமக்கு நாலாம் நாள் தெளிவு வரும் என்று வாக்குக் கொடுத்தவர் யார்?

மூன்றாவது, பிறரை நியாயந் தீர்க்கிறவர்களுக்கு. வேலியடைத்த வீட்டுப் பெண் தவறினாள் என்றோ, குடித்துக் கெட்டவன் திருந்தி வந்தான் என்றோ, வேதத்தை விட்டுப் போனவன் திரும்பினான் என்றோ கேட்டால், நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோமே, அப்பொழுது நம்முள் பேசுவது நொவாசியானுடைய ஆவியே. குருவானவர் திறந்த வாசலை ஊராருடைய வாய் அடைத்துவிடுகிறது. திரும்பி வந்தவன் பீடத்தண்டை போகையில் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுகிற பார்வை எத்தனை பேரை மறுபடி வெளியே தள்ளியிருக்கும்! ஊதாரிப்பிள்ளையின் உவமையிலே (லூக். 15) தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்; வெளியே நின்று முறுமுறுத்தவன் மூத்தவன். விருந்துக்குப் புறம்பே நின்றவனும் அவனே.

கொர்னேலியுஸ் பாப்பு 253-ம் ஆண்டில் நாடுகடத்தப்பட்ட இடத்தில் மரித்தார். சிப்பிரியானுஸ் 258-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ந் தேதி, மரணத் தீர்ப்பைக் கேட்டுச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி, தம்மை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி கட்டளையிட்டு, தலை வெட்டுண்டு வேதசாட்சியானார். விழுந்தவர்களுக்கு இரங்கின இவர்கள் தாங்கள் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். பாவிக்கு இரங்குகிறது பாவத்துக்கு இளகுகிறதாகாது. திருச்சபை இவ்விருவருடைய திருநாளையும் செப்டம்பர் 16-ந் தேதி ஒன்றாய்க் கொண்டாடுகிறது. முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் இருவர் பேரையும் அடுத்தடுத்துச் சொல்லுகிறது.

வீட்டில் பெற்றோர் பிள்ளைகளைக் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி: பாவங்களைப் பொறுக்கும் அதிகாரத்தைச் சேசுநாதர் யாருக்கு, எப்பொழுது கொடுத்தார்?
பதில்: உயிர்த்தெழுந்த அன்று மாலை அப்போஸ்தலர்களுக்கும், அவர்கள் வழியாய் மேற்றிராணிமாருக்கும் குருக்களுக்கும் கொடுத்தார்.

கேள்வி: திருச்சபையால் பொறுக்கக் கூடாத பாவம் உண்டோ?
பதில்: மெய்யான மனஸ்தாபத்தோடு வருகிறவனுக்குப் பொறுக்கக் கூடாத பாவம் ஒன்றும் இல்லை.

கேள்வி: நொவாசியானுடைய தப்பறை என்ன?
பதில்: கிறிஸ்துவை மறுதலித்தவன் மனஸ்தாபப்பட்டாலும் திருச்சபை அவனுக்குப் பொறுத்தல் கொடுக்கலாகாது என்றது.

கேள்வி: நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எத்தனை?
பதில்: ஐந்து. ஆத்தும சோதனை செய்கிறது, மனஸ்தாபப்படுகிறது, இனிப் பாவஞ் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுகிறது, பாவங்களைக் குருவானவரிடம் சொல்லுகிறது, அவர் கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்க்கிறது.

அடுத்த ஞாயிறு பூசையிலே, தங்கள் இடத்திலேயே இருந்துவிடுகிறவர்களில் ஒருவராவது எழுந்து பீடத்தண்டை வருவாரானால், மோட்சத்தில் சம்மனசுகளுக்கு உண்டாகும் சந்தோஷத்தில் நமக்கும் பங்கு உண்டு. அவர் வரும்பொழுது நாம் செய்ய வேண்டியது ஒன்றே: சற்றே விலகி, அவருக்கு வழிவிடுவோமாக.